பென் டிரைவை நம்பலாமா?

பெரம்பலூர் தனி மாவட்டமான 1995-இல், கணினியில் அடித்த கடிதத்தைக் கையோடு கொண்டுபோக ஃபிளாப்பிதான் வழி. அதன் கொள்ளளவு 1.44 எம்.பி.; இன்றைய கைபேசிப் படம் ஒன்றுகூட அதில் பெரும்பாலும் அடங்காது. அரியலூர் 2007-இல் மீண்டும் தனி மாவட்டமானபோது 700 எம்.பி. சிடியும் 4.7 ஜி.பி. டிவிடியும் பென் டிரைவும் புழக்கத்தில் இருந்தன. கொள்ளளவு பெருகியது சரி, ஆயுள்? ஜப்பானில் சோனி நிறுவனம் 2011-இல் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்தியது. இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் சிடி போடவே இடமில்லை. தட்டு கெடாமல் இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி முதலில் மறைந்துவிடுகிறது. பென் டிரைவின் சங்கதி வேறு. அதற்குள் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் மேசை டிராயரில் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும்.

“எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே” என்பார்கள். இருக்கலாம், கடவுச்சொல் மறந்து, பழைய கைபேசி எண்ணும் கைவிட்டுப் போனால் அந்தக் கதவும் எளிதில் திறக்காது. ஆகவே நேயர்களே, கல்யாணப் படமோ பத்திர நகலோ, பென் டிரைவில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.