படம் போட்ட ‘பீச் டவல்’ தண்ணியை உறிஞ்சாதது ஏன்? சுருளி, கும்பக்கரை போறவங்க கவனிக்க!

கடலே இல்லாத மாவட்டம் தேனி. ஆனால் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ‘பீச் டவல்’ கம்பம் வரைக்கும் வந்துடும். வண்ணங்களை அள்ளித் தெளித்த மாதிரி நவீன ஓவியம் அச்சிட்ட பெரிய பெரிய துண்டுகள். போட்டோவுக்கு சூப்பர். சுருளியிலோ கும்பக்கரையிலோ குளிச்சுட்டு வந்து துவட்டினால், சிலது ஈரத்தை உடம்பிலேயே தேய்ச்சு விடும். ஏன் இப்படி?

படம்தான் நூலைத் தீர்மானிக்குது

விலை மலிவான துண்டுகளில் பெரும்பாலும் ‘சப்ளிமேஷன்’ முறையில்தான் படம் ஏற்றுறாங்க. காகிதத்தில் அச்சான படத்தைத் துணி மேல் வைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவாங்க. சாயம் ஆவியாகி இழைக்குள் போய்ப் படியும். இது பாலியஸ்டரில்தான் நல்லா பிடிக்கும்; பருத்தியில் நிற்காது. அதனால் பளிச்சென்ற படம் வேணும்னா, துணியும் பாலியஸ்டர் ஆகிடுது.

பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைக்கும். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். இழையை மிக நுண்ணியதாகப் பிளந்து செய்யும் தரமான மைக்ரோஃபைபர் துண்டு நல்லாவே உறிஞ்சும். மலிவு ரகத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

பருத்தி பீச் டவலிலும் ஒரு விஷயம்

பருத்தியில் ‘ரியாக்டிவ்’ சாயத்தால் படம் அச்சிடலாம். ஆனால் படம் தெளிவா விழ, டர்க்கி டவலில் இருக்கிற நூல் வளையங்களை ஒரு பக்கம் மட்டும் கத்தரித்து வெல்வெட் மாதிரி ஆக்கிடுவாங்க. அந்தப் பக்கம் உறிஞ்சும் தன்மை குறைவு. எனவே படம் உள்ள பக்கம் விரிச்சு உட்கார, வளையம் உள்ள பக்கம் துவட்ட. புதுத் துண்டில் மென்மைக்காகப் பூசிய மெழுகுத்தன்மை போக, ரெண்டு மூணு தடவை துவைத்துப் பயன்படுத்தினால் நல்லா உறிஞ்சும்.

தண்ணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பாலியஸ்டர் துணியைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண் இழைகள் உதிரும். அதுவும் பிளாஸ்டிக்தான், மட்காது. கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீர் கடைசியில் சேருவது வைகை அணையில். அதைத்தான் மதுரை வரை குடிக்கிறாங்க.

மாற்று என்ன?

துருக்கியின் ‘பெஷ்டமால்’ என்ற மெல்லிய பருத்தித் துண்டு இன்று உலகம் முழுக்க பீச் டவலாக விற்குது. வளையமே இல்லாத தட்டை நெசவு. சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் காயும், மடிச்சால் கைக்குள் அடங்கும். நம்ம ஊர் ஈரிழைத் துண்டும் இதே ஜாதிதான். இதில் கோடும் கட்டமும் சாயம் ஏற்றிய நூலால் நெய்யப்படுவதால் ரெண்டு பக்கமும் ஒரே நிறம்; எந்தப் பக்கமும் துவட்டலாம்.

கைத்தறிக்கென்றே ஒதுக்கீடு செய்யும் 1985-ம் ஆண்டு சட்டத்தின் 11 ரகங்களில் துண்டும் அங்கவஸ்திரமும் ஒன்று. தேனி மாவட்டத்திலேயே ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் என நெசவு ஊர்கள் உண்டு. அங்கே சேலைதான் பிரதானம். துண்டு வேணும்னா கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கிடைக்கும். அங்கே கொடுக்கிற காசில் ஒரு பங்கு தறிக்குப் போகும்.

வாங்கும் முன் 3 சோதனை

* லேபிளைப் படிங்க. ‘100% காட்டன்’ என்று இருக்கா, ‘பாலியஸ்டர்’ என்று இருக்கா? ஆன்லைனில் லேபிள் படம் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்க.
* ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. முத்து மாதிரி உருண்டு நின்றால் யோசிங்க. புதுப் பருத்தியும் முதலில் இப்படி நிற்கலாம் என்பதால் லேபிளோடு சேர்த்துப் பாருங்க.
* திருப்பிப் பாருங்க. பின்பக்கம் நூல் வளையம் இருந்தால், துவட்ட அந்தப் பக்கம்.

படம் பிடிச்சிருந்தால் தாராளமா வாங்கலாம், விரிச்சு உட்கார. துவட்ட மட்டும் பையில் ஒரு ஈரிழைத் துண்டு இருக்கட்டும்.