எரிந்தது மூர் மார்க்கெட்! எஞ்சியது பெயர்!
பழைய ரிகார்டு, பாட்டு புத்தகம், பொம்மை, பேண்ட்: ஏழைகளின் 'ஷோரூம்' கதை

சென்னை,

ஆவடி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்து மின்சார ரெயிலில் சென்டிரலுக்கு வருகிற ஜனங்கள் "மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்" என்ற பெயரை தினமும் கேட்கிறார்கள். அங்கே மூரும் இல்லை, மார்க்கெட்டும் இல்லை. ரெயில் நிலையம்தான் இருக்கிறது.

அந்த பெயருக்கு பின்னால் ஒரு பெரிய சந்தையின் கதை உண்டு. மாத கடைசியில் சட்டைப்பையில் சில்லறை மட்டும் மிச்சம் இருக்கிற குமாஸ்தாவும் பாட்டு, சினிமா, குழந்தைக்கு பொம்மை, தனக்கு ஒரு பேண்ட் என்று நாலையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டு போன சந்தை அது.

வெள்ளைக்காரர் வைத்த கல்

சென்னை மாநகராட்சி தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ம் ஆண்டு அடிக்கல் நாட்டினார். 1900-ம் ஆண்டு மார்க்கெட் திறக்கப்பட்டது. அதுவரை பிராட்வேயில் இருந்த பழைய மார்க்கெட் நெரிசலும் குப்பையுமாக கிடந்ததால், அதற்கு மாற்றாக இதை கட்டினார்கள். சிவப்பு செங்கல் கட்டிடம். வளைவு வளைவாக வாசல்கள். நடுவில் முற்றம். பக்கத்தில் ரிப்பன் மாளிகை வந்தது அதற்கு பிறகுதான், 1913-ல்.

காய்கறி, இறைச்சி விற்கத்தான் கட்டினார்கள். ஆனால் நாளடைவில் பழைய சாமான்தான் அதன் புகழ் ஆகிவிட்டது. புறா, கிளி, வெள்ளை எலி கூட அங்கே கிடைத்தது. வெளியே லேகியம் விற்பவர் கூட்டம் சேர்ப்பார். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போவதாக சொல்வார். லேகியம் விற்று தீரும். சண்டை மட்டும் நடக்கவே நடக்காது!

பின்னாலேயே மிருகக்காட்சி சாலை. சென்னை ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. வெளியூரில் இருந்து வந்தவர்கள் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ரெயில் ஏறுவார்கள்.

தட்டு தட்டாக பாட்டு

பழைய இசைத்தட்டு வாங்க அங்கே தனிக்கூட்டமே வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு. அரக்கு கலந்து செய்தது. கை தவறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு பக்கத்தில் மூணு, மூணரை நிமிடம்தான் பாட்டு ஓடும். அதனால்தான் அந்தக்கால பாட்டுகள் பலவும் அந்த அளவுக்கே வெட்டி தைக்கப்பட்டன.

இந்தியாவில் முதல் ரிகார்டு 1902-ல் கல்கத்தாவில் பதிவானது. அப்போது பாடியவர்களில் ஒருவர் கவுஹர் ஜான். 1948-ல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை கொண்டுவந்தது. ஒவ்வொரு புது சாமான் வரும்போதும் பழசு வீட்டை விட்டு வெளியேறியது. வெளியேறிய பழசு வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று மூர் மார்க்கெட்.

1980-களில் தெருவுக்கு தெரு 'ரெக்கார்டிங் சென்டர்' முளைத்தது. ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி கொடுத்தால் போதும். 60 நிமிட கேசட்டா, 90 நிமிட கேசட்டா என்று கேட்டு பதிவு செய்து தருவார்கள். ஜனங்களுக்கு சந்தோஷம். ஆனால் சட்டப்படி அது குற்றம்! 1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டத்தை 1984-ல் திருத்தி, 3 ஆண்டு வரை ஜெயில் என்று ஆக்கினார்கள். பிறகு பர்மாவில் இருந்து வந்தவர்களுக்காக 1969-ல் ஏற்பட்ட பர்மா பஜாரில் சி.டி. வியாபாரம் களைகட்டியது. 2004-ல் தமிழக அரசு திருட்டு வி.சி.டி. ஆசாமிகளையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

படம் போச்சு, புத்தகம் இருக்கு!

அடுத்தது சினிமா. கொட்டகை வாசலில் அணா கணக்கில் விற்ற பாட்டு புத்தகங்கள் மூர் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக கிடந்தன. நடிகர் பெயர், கதைச்சுருக்கம், பாட்டு எல்லாம் அதில் இருக்கும். "கதையின் முடிவை வெள்ளித்திரையில் காண்க" என்ற மாதிரி முடித்திருப்பார்கள். படம் பார்த்து முடித்ததும் புத்தகம் பொட்டலம் கட்டத்தான் போகும்.

ஆனால் இன்று நிலைமை என்ன?

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதன் பிரதி இன்று கிடையாது. தென்னாட்டின் முதல் மவுனப்படம் 'கீசகவதம்' பிரதியும் கிடையாது. அந்தக்கால பிலிம் நைட்ரேட் என்ற ரசாயனத்தில் செய்தது. தீக்குச்சி பட்டால் போதும், குபீர் என்று பிடித்துக்கொள்ளும். தப்பிய பிலிம்களிலும் பல, அதில் இருக்கும் வெள்ளிக்காக கரைக்கப்பட்டன. நாலு பைசா வெள்ளிக்காக ஒரு முழு படமே காலி!

இப்படி மறைந்த படங்களில் பலவற்றுக்கு பாட்டு புத்தகம்தான் சாட்சி. யார் நடித்தார், என்ன கதை, எத்தனை பாட்டு என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்த மக்கிப்போன தாளைத்தான் தேடி வருகிறார்கள்.

இதை முன்பே புரிந்துகொண்டவர் ஒருவர் உண்டு. செட்டிநாட்டு கோட்டையூரை சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார். விளம்பர பலகை எழுதும் தொழில். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், பாட்டு புத்தகம் என்று வாழ்நாள் எல்லாம் சேர்த்தார். 1992-ல் காலமானார். அவர் சேர்த்ததை அமெரிக்காவில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அது கப்பல் ஏறவில்லை! சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைத்துவிட்டது.

ஏர் உழும் பொம்மை

நகரத்து பிள்ளைகள் பலர் ஏர் கலப்பையை முதலில் பார்த்தது வயலில் அல்ல, பொம்மை கடையில்! மாட்டு வண்டி, ஏர் உழும் உழவன், நெல் குத்தும் பெண், பால் கறக்கும் கோனார் என்று கிராமமே பொம்மையாக வரும். ஆந்திராவில் கொண்டபள்ளியில் லேசான மரத்தில் செதுக்கி வர்ணம் பூசுவார்கள். பண்ருட்டியில் காகிதக்கூழ் பொம்மை. மதுரை பக்கத்தில் விளாச்சேரியில் களிமண். நவராத்திரி கொலுவில் கிராம செட் இல்லாவிட்டால் வீட்டு பெண்களுக்கு திருப்தி வராது.

பிளாஸ்டிக் வந்தது. மாட்டு வண்டி போய் கார் வந்தது. உடைந்த கொலு பொம்மைகள் பரணுக்கு போயின.

ஒரு எச்சரிக்கை! பழைய பெயிண்ட் அடித்த பொம்மையில் ஈயம் இருக்கலாம். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். கைக்குழந்தை வாயில் வைக்க கொடுக்கக்கூடாது. புது பொம்மைக்கு 2021 ஜனவரி 1-ந்தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைக்கு விலக்கு உண்டு.

"எவ்ளோ தருவே நைனா?"

துணிக்கடை பக்கம் போனால் பேரம்தான். சட்டை, பேண்ட், கைலி, பனியன் எல்லாம் குவியலாக கிடக்கும். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அதில் கால்வாசி கேட்க வேண்டும்.

"இன்னா சார், சும்மா கேட்டுட்டு போறியே! கடைசியா சொல்லு, எவ்ளோ தருவே நைனா?"

"அதுக்கு மேல பத்து பைசா கெடையாதுப்பா."

"சரி, போணியாவட்டும், எடு!"

வாங்கியவர் பெருமையோடு வீட்டுக்கு போய் பிரித்து பார்ப்பார். பேண்டில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, மூர் மார்க்கெட் என்றாலே "பிரிச்சு பார்த்து வாங்கு" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பிய காலம் அது.

துணி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. சென்னை கட்டம் போட்ட கைத்தறி துணி 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்கு போனது. துவைத்ததும் சாயம் போனது. வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம்" என்று சொல்லியே விற்றார்கள். சாயம் போன சட்டை 'பேஷன்' ஆகிவிட்டது!

தீ! தீ!

இந்த சந்தைக்கு முடிவு 1985-ம் ஆண்டு வந்தது. ரெயில்வேக்கு புறநகர் நிலையம் கட்ட இடம் தேவைப்பட்டது. கடைக்காரர்கள் இடத்தை விட்டு போக மறுத்தார்கள். இழுபறி நடந்தது. இந்த நிலையில் மே மாதம் 30-ந்தேதி மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. காகிதம், துணி, மரம், இசைத்தட்டு எல்லாம் சாம்பல்! தீ எப்படி பிடித்தது என்பது பற்றி ஊரில் பல பேச்சு அடிபட்டது. மிச்சம் நின்ற சுவர்களையும் இடித்துவிட்டார்கள்.

கடைக்காரர்களுக்கு பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் ஒதுக்கினார்கள். பழைய கூட்டம் திரும்ப வரவில்லை. 'உயிர் காலேஜு'ம் நகரை விட்டு போய்விட்டது. அதே 1985-ல் வண்டலூரில் புது உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது.

எரிந்தது கட்டிடம் மட்டும் அல்ல. அங்கே கட்டுக்கட்டாக கிடந்த பாட்டு புத்தகங்களில் எந்த படத்தின் கடைசி பிரதி இருந்ததோ, தட்டுகளில் எந்த பாடகரின் ஒரே குரல் இருந்ததோ, யாரும் கணக்கு எடுத்து வைக்கவில்லை.

வீட்டில் இருக்கிறதா? உஷார்!

இன்று பழைய சாமானுக்கு மவுசு வந்துவிட்டது. எல்.பி. தட்டு புதிதாகவே அச்சாகிறது. இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆகவே தாத்தா பெட்டியை எடை போடும் முன்பு கவனிக்க வேண்டியவை சில:

இசைத்தட்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள். புத்தகம் போல நிற்க வையுங்கள். வெயில் கூடாது.

78 சுற்று அரக்கு தட்டை ஸ்பிரிட் போட்டு துடைக்காதீர்கள். அரக்கு கரைந்துவிடும், பாட்டு போய்விடும்.

பழைய பிலிம் சுருள் கிடைத்தால் வீட்டில் வைக்காதீர்கள். நைட்ரேட் பிலிமாக இருந்தால் ஆபத்து. புனாவில் 1964-ல் ஏற்பட்ட தேசிய திரைப்பட ஆவணக்காப்பகம் போன்ற இடத்துக்கு எழுதி கேளுங்கள். மவுனப்படமான 'மார்த்தாண்ட வர்மா' பிரதி பிழைத்து கிடப்பது அங்கேதான்.

பழைய சாமான் வாங்கும்போது பில் கேளுங்கள். திருட்டு பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப காரணம் இருந்தோ வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில். முன்பு இந்திய தண்டனை சட்டம் 411-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு. நம்பர்தான் மாறியது, தண்டனை மாறவில்லை.

பாட்டு புத்தகம், நோட்டீஸ் இருந்தால் பொட்டலம் மடிக்க கொடுத்துவிடாதீர்கள். நூலகத்தில் கேட்டு பாருங்கள். பழைய பேப்பர் கடையில் கிலோவுக்கு கிடைக்கும் சில்லறை ஒரு டீக்கு ஆகும். அந்த தாளில் இருக்கும் படம் வேறு எங்கும் இல்லாமல் இருக்கலாம்.