கீசர் ரிப்பேர் ஆன பிறகுதான் கவனம் தேவை!



நம்ம ஊட்டிக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி மாதம் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் கையை வைத்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எங்கள் வீட்டில் 25 லிட்டர் கீசர் ஒன்று இருக்கிறது. போன குளிர்காலத்தில் அது திடீரென்று நின்றுபோனது. ரிப்பேர் செய்ய ஒருவர் வந்தார். "காயில் போயிடுச்சு" என்று சொல்லி, கீசரைக் கழற்றிப் புதுக் காயில் போட்டு, மறுபடி சுவரில் மாட்டினார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கதையே ஆரம்பம்!

முதல் நாள் இரண்டு மக்கு வெந்நீர் வந்தது. மூன்றாவது மக்கு வெதுவெதுப்பு. நான்காவது மக்கு பச்சைத் தண்ணீர் மாதிரி! இரண்டாம் நாள் குழாயைத் திறந்ததும் வெந்நீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. மூன்றாம் நாள் என் தம்பி குளியலறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தான். "அம்மா, குழாயைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது!"

அம்மா உடனே மெயின் சுவிட்சை அணைத்தார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமாவைக் கூட்டி வந்தோம். அவர் கீசரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடவுள் புண்ணியம், பையன் தப்பிச்சான். ஒரு தப்பு இல்ல, மூணு தப்பு பண்ணியிருக்காங்க" என்றார். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

தப்பு 1: குழாய் மாறிப்போச்சு

கீசருக்கு அடியில் இரண்டு குழாய் உண்டு. நீல வளையம் உள்ளது பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி. சிவப்பு வளையம் உள்ளது வெந்நீர் வெளியே வரும் வழி. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே போகும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அதனால் சிவப்புக் குழாய் தொட்டிக்குள் மேல்மட்டம் வரை நீண்டிருக்கும். மேலே இருக்கும் வெந்நீரை எடுத்துத் தரும். நீலக் குழாய் அடியிலேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டார்கள். பச்சைத் தண்ணீர் மேலே போய் வெந்நீரோடு கலந்தது. அடியில் இருப்பது வெளியே வந்தது. அதுதான் இரண்டு மக்கோடு சூடு நின்ற ரகசியம். புதுக் காயிலில் கோளாறே இல்லை!

தப்பு 2: வால்வின் வாயை அடைத்தது

பச்சைத் தண்ணீர் வரும் பக்கம் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். அதில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் அவ்வப்போது சொட்டும். பலர் இதை லீக் என்று நினைத்துவிடுகிறார்கள். வந்தவரும் அப்படித்தான் நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிட்டார்!

உண்மையில் அது சொட்டத்தான் வேண்டும். தண்ணீர் சூடானால் விரிவடையும். 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது 25 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 400 மில்லி கூடுதலாகும். அந்தக் கூடுதல் தண்ணீர் எங்கே போகும்? வால்வு அதைத் திரும்பிப் போகவிடாது, ஓட்டை வழியாக வெளியேற்றும். ஓட்டையை அடைத்தால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதோடு தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போனால் தொட்டியே வெடித்துவிடலாம். குக்கரின் வெயிட்டை யாராவது கட்டி வைப்பார்களா? அது போலத்தான் இதுவும்.

தப்பு 3: எர்த் வயர் தொங்கியது

இதுதான் மிகப் பெரிய தப்பு. காயிலைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அது சரியாக உட்காததால் தண்ணீர் கசிந்து மின் இணைப்புகள் மேல் பட்டது. கரண்ட் தொட்டியின் உடம்புக்கு வந்துவிட்டது. எர்த் வயர் இணைத்திருந்தால் அந்தக் கரண்ட் பூமிக்குப் போயிருக்கும், ஃப்யூஸ் போயிருக்கும். ஆனால் பச்சை வயரைத் திருகாமல் சும்மா தொங்கவிட்டிருந்தார்கள்! அதனால் கரண்ட் குழாய் வழியாக என் தம்பியைத் தேடி வந்தது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் பிழைத்தான்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது தெரியுமா? செருகும்போது அதுதான் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது அதுதான் கடைசியில் விலக வேண்டும். அவ்வளவு முக்கியம்!

ஒரு சின்னக் கணக்கு

25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 25 × 4.2 × 45 = 4725 கிலோ ஜூல் வேண்டும். 2000 வாட் கீசர் நொடிக்கு 2 கிலோ ஜூல் தரும். ஆக சுமார் 2360 நொடி, அதாவது ஏறக்குறைய 40 நிமிடம். உங்கள் வீட்டுக் கீசர் இதைவிட ரொம்ப நேரம் எடுத்தால் காயிலில் உப்புப் படிந்திருக்கலாம். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் கரண்ட். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டில் செருகவே கூடாது. 16 ஆம்பியர் பாயிண்டுதான் வேண்டும்.

ரிப்பேர்காரர் கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

* சுவிட்ச் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். காற்று புஸ்ஸென்று போய், தண்ணீர் ஒரே சீராக வர வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்ச் போட்டால் காயில் எரிந்துவிடும்.
* நீலம், சிவப்பு மாறவில்லையே என்று பாருங்கள்.
* வால்வு ஓட்டை திறந்திருக்கிறதா?
* "எர்த் வயர் மாட்டியாச்சா அண்ணா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.
* வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பெரியவர்களிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கரண்டை நிறுத்திவிடும்.
* குளிக்கும்போது கீசரை அணைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நாம் யாரும் கீசர் மூடியைக் கழற்றக் கூடாது. பார்ப்பதும் கேட்பதும்தான் நம் வேலை. யாருக்காவது ஷாக் அடித்தால் அவர்களைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக் கீசர் சரியாக ஓடுகிறது. வால்வு சொட்டுகிறது. அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டால் பாட்டி, "சொட்டட்டும் விடு, அது நல்லதுக்குத்தான்" என்கிறார். என் தம்பி மட்டும் இன்னும் குழாயை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கிறான்!

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கீசரை ஒருமுறை பாருங்கள் நண்பர்களே. வருமுன் காப்போம்!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி