ஜீப்பின் பின் இருசு ஏன் முறிகிறது?

கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் மலைச்சாலையில், பெரியாற்றின் கரையில் உள்ள ஊர் வண்டிப்பெரியார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் கல்லும் சேறுமான ஏற்ற இறக்கங்களே வழி. அங்கு ஆட்களையும் சரக்கையும் சுமந்து செல்வது ஜீப் வண்டியாகும். ஓட்டுநர்கள் ‘ஆக்ஸில்’ என்று வழங்கும் பின் இருசு இவ்வண்டியில் முறிவது ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

லாரியில் பாரத்தைத் தாங்குவது வெளிக்குழல். உள்ளிருக்கும் உருக்குத் தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே பயன்படுகிறது. தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலும் இவ்வமைப்பே இருந்தது. 1945-ல் பொதுமக்களுக்கென வெளிவந்த ஜீப்பில் சிறிது காலத்துக்குள் இது கைவிடப்பட்டது. அதன்பின் சக்கரம் தண்டின் முனையிலேயே பொருத்தப்பட்டது. செலவும் எடையும் குறைந்தன என்பது உண்மையே. ஆனால் பேரிங்குக்கு வெளியே தண்டு முறிந்தால் சக்கரமே பிரேக் டிரம்முடன் கழன்றுவிடும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகச் செல்வதால், அவ்வெண்ணெய் வெளியேறிப் பிரேக் முழுவதுமே செயலற்றுப் போகவும் கூடும். மலை இறக்கத்தில் இதன் பொருள் யாதென விளக்க வேண்டியதில்லை.

பாரம் சுமக்கும் தண்டு கண்ணுக்குப் புலப்படாத அளவு வளைகிறது. சக்கரத்தருகே அதன் கீழ்ப்புறம் இழுபடும், மேற்புறம் அமுங்கும். சக்கரம் அரைச்சுற்று சுற்றியதும் இவை இடம் மாறும். ஜீப்பின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுழல்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் 45,000 முறை. 23 நாட்களில் இது பத்து இலட்சத்தைத் தாண்டும். (மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.) கம்பியொன்றைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதும் இதுவும் ஒருவகையில் ஒன்றே.

1842-ம் ஆண்டு மே 8-ம் நாள் பிரான்ஸில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் இருசு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு ஏன் முறிந்தது என்பது புதிராயிற்று. பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் அகஸ்ட் வோலர் பிற்காலத்தில் நீண்ட சோதனைகள் நடத்தி விடை கண்டார். ஒரே முறை ஏற்றினால் உருக்கு எளிதில் தாங்கும் பாரமே, பலமுறை மாறி மாறித் தாக்கும்போது அதை முறிக்க வல்லது. இதுவே ‘உலோகக் களைப்பு’ எனப்படுகிறது.

களைப்பு விரிசல் கூரிய மூலையை நாடும். ஜீப் தண்டின் கூம்பிய முனையில் சாவி பதியும் காடி அத்தகைய இடம். முனை நட்டு தளர்ந்தால் சாவி காடியில் இடித்து இடித்து விரிசலைத் தொடங்கி வைக்கும். மேலும், பழைய ஜீப்பில் முதல் கியரும் தாழ்நிலைக் கியரும் சேரும்போது எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 37 மடங்காகப் பெருகிச் சக்கரங்களை அடைகிறது. அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றிய வண்டியில் இவ்விரு சுமைகளும் ஒன்றுசேர்கின்றன.

முறிந்த முகமே சாட்சி கூறும். சிப்பி ஓட்டின் வரிகளைப் போன்ற வளைகோடுகளுடன் வழவழப்பான பகுதி இருந்தால் விரிசல் நெடுநாள் வளர்ந்தது என அறியலாம். சொரசொரப்பான பகுதி கடைசி நொடியில் பிளந்தது. வரிகள் காடியின் மூலையிலிருந்து விரிந்தால் நட்டையும் சாவியையும் ஐயுற வேண்டும். உலோகத்தின் உட்புறத்தே ஒரு கசட்டுப் புள்ளியிலிருந்து விரிந்தால் குறை தயாரிப்பில் உள்ளது. அப்பழியை ஓட்டுநர் மீது சுமத்துவது அநீதி.

புதுவகை வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. 2022-ல் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் சுமார் 2,52,000 திரும்ப அழைக்கப்பட்டன. அங்கு முறியக்கூடியது பின் இருசுக் கூட்டைப் பிணைக்கும் போல்ட். முதலில் கைப்பிரேக்கின் மென்பொருளை மட்டும் மாற்றினர். போல்ட் முறிவதை மென்பொருள் எங்ஙனம் தடுக்கும்? 2023-ல் உறுப்புகளையே மாற்ற நேர்ந்தது. நம் நாட்டில் 2019-ம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. ஆயினும் 2021-ல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளையே கருதின. தோட்டங்களில் உழைக்கும் முதிய ஜீப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே தண்டு முறிந்தால் துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. முறிந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதும் தவறு. வரிகள் தேய்ந்து அழியும். மெல்ல எண்ணெய் பூசி, தனித்தனியே துணியில் சுற்றி, வண்டி எண்ணும் நாளும் குறித்து வைத்தல் வேண்டும்.