ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் குருவைப் பிடி!

மும்பை வடாலா லாரி முனையத்திலும், களம்போலி இரும்பு மார்க்கெட்டிலும் நாமக்கல், சேலம், சங்ககிரி லாரிகள் வந்து நிற்பதைக் காணலாம். லாரி நின்றதும் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பையன் குதிக்கிறான். பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான். டயர்களை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்கிறான். கண்ணாடியைத் துடைக்கிறான். இன்று அவனுக்குக் கிளீனர் என்று பெயர். நாளைக்கு அவன்தான் டிரைவர்.

இந்தத் தொழிலில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடம் என்பது அந்த இடது பக்க இருக்கைதான். வாத்தியார், வலது பக்கம் ஸ்டியரிங் பிடித்திருப்பவர். வடக்கத்தி டிரைவர்கள் அவரை "உஸ்தாத்" என்பார்கள். நம்மவர்கள் நேரில் "அண்ணே" என்று கூப்பிட்டாலும், பிறரிடம் பேசும்போது "என் குரு" என்றே சொல்வார்கள்.

குரு நல்லவராக அமைந்தால் பையன் முப்பது வருடம் விபத்தில்லாமல் ஓட்டுவான். தவறானவராக அமைந்தால், அவருடைய கெட்ட பழக்கங்கள் அத்தனையும் பையனின் கையிலும் காலிலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் படிந்த பழக்கம் பின்னால் போவது கடினம். ஆகவே லாரித் தொழிலுக்கு வரும் இளைஞன் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த டிரைவர் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

நல்ல குருவுக்கு அடையாளம் என்ன?

வேகமாக ஓட்டுபவர் கெட்டிக்காரர் என்று பையன்கள் நினைக்கிறார்கள். மற்றவர் மூன்று நாளில் போகும் தூரத்தை இரண்டு நாளில் போனேன் என்று மார்தட்டுபவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஆனால், குருவுக்கு அது அடையாளம் அல்ல.

வண்டி கிளம்புவதற்கு முன் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். நல்ல டிரைவர் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வருவார். என்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் பார்ப்பார். ஏர் டேங்கில் சேர்ந்த ஈரத்தைத் திறந்துவிடச் சொல்வார். பின்பக்க ஜோடி டயர்களில் உள்டயர் காற்றிறங்கியிருந்தால் வெளியே தெரியாது. தட்டும்போது வரும் சத்தத்தில்தான் தெரியும். அந்தச் சத்தத்தின் வித்தியாசத்தைப் பையனுக்குக் காட்டிக் கொடுப்பார். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால், கொஞ்ச தூரம் ஓடியபின் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்வார். ஏர் மீட்டரில் முள் ஏறுகிறவரை வண்டியை நகர்த்தமாட்டார்.

இரண்டாவது அடையாளம், அவர் எதற்காகத் திட்டுகிறார் என்பது. லாரித் தொழிலில் திட்டாத குரு இல்லை. டீ ஆறிப்போயிற்று, துணி சரியாகத் துவைக்கவில்லை என்று திட்டுபவர் வேலைக்காரனைத் தேடுபவர். முட்டுக்கட்டை போட மறந்தாய், தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருப்பதைப் பார்க்காமல் ஏறினாய் என்று திட்டுபவர் டிரைவரை உருவாக்குபவர். முதல்வரிடம் பத்து வருடம் இருந்தாலும் தொழில் வராது.

மூன்றாவது அடையாளம், கேள்வி கேட்டால் பதில் சொல்வது. இந்த இடத்தில் ஏன் கியர் மாற்றினீர்கள், அந்த பஸ்ஸுக்கு ஏன் வழி விட்டீர்கள் என்று பையன் கேட்டால், காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டாதவர், தூக்கம் வந்தால் ஓரங்கட்டிப் படுப்பவர் என்பவையெல்லாம் சொல்லாமலே வரும் தகுதிகள்.

இரண்டு இறக்கங்கள்

மும்பையிலிருந்து நாமக்கல் போகும் லாரி புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், கிருஷ்ணகிரி வழியாகப் போகிறது. தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கிப் போகும்போது அது இறக்கம். திரும்பி வரும்போது லோனாவலா, கண்டாலா தாண்டினால் போர்காட். மும்பை நோக்கி வரும்போது அதுவும் இறக்கம். ஒரு டிரைவர் எப்படிப்பட்டவர் என்பதை இந்த இரண்டு இடங்களும் காட்டிக் கொடுத்துவிடும்.

டீசல் மிச்சம் என்று சொல்லி இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். தொப்பூரில் நடந்த பல கோர விபத்துகளுக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. கியரில் இருக்கும் வண்டியை என்ஜினே இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த லோடையும் பிரேக் ஒன்றுதான் தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடேறும். சூடேறினால் பிடிப்புக் குறையும். அடிக்கடி மிதிப்பதால் டேங்கில் காற்றும் குறையும். என்ஜினையே அணைத்துவிட்டால் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுபோகும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். அப்புறம் அந்த லாரி டிரைவர் சொன்னபடி கேட்காது.

ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பது, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்துவது, கால் பிரேக்கைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் அந்தப் பாடம். வாயால் சொன்னால் ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால், ஒவ்வொரு தடவையும் அப்படியே இறங்குகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அது பழக்கமாகும். நியூட்ரலில் இறங்கும் டிரைவரிடம் சேர்ந்த பையன், உடனே வேறு வண்டி பார்ப்பது உயிருக்கு நல்லது.

நடுராத்திரி தாராளம்

"என் டிரைவர் ரொம்ப நல்லவர், சேர்ந்த மாதமே ஸ்டியரிங் கொடுத்துவிட்டார்" என்று பெருமைப்படும் பையன்கள் உண்டு. எப்போது கொடுத்தார் என்று கேட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு என்பார்கள். அது பாடம் அல்ல. டிரைவருக்குத் தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் பின்னால் படுத்துக் குறட்டை விட்டால் பையன் யாரிடம் கற்பது?

விபத்து நேர்ந்தால் கைது ஆகிறவன் பையன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 500 ரூபாயாக இருந்தது, 2019-ல் செய்த திருத்தத்தில் 5,000 ரூபாய் ஆயிற்று. ஜெயிலும் உண்டு. அப்படி ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் அதே தொகை. இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை லாரி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று பல வழக்குகளில் கோர்ட்டுகள் உத்தரவிட்டிருக்கின்றன. ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வரலாம்.

நல்ல குரு பகலில் கொடுப்பார். காலி வண்டியில், திறந்த மைதானத்தில் கொடுப்பார். முதலில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார். பையன் கையில் பழகுநர் லைசென்ஸ் இருக்கிறதா, முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு "எல்" இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாலைக்கு விடுவார். பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சட்டம் சொல்லும் படிகள்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். அதற்கான பழகுநர் லைசென்ஸ் கேட்பதற்கு முன், லைட் வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் நீக்கப்பட்டது. லைட் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே சின்ன வண்டியில் கை பழகி, பிறகு பெரிய வண்டிக்குப் போகலாம். இந்தப் படிகளை எடுத்துச் சொல்லி, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக ஒரு நாள் லீவும் கொடுப்பவர் பையனின் நன்மையை நினைப்பவர்.

எங்கே தேடுவது?

டிரைவரைப் பற்றி டிரைவரிடமே கேட்டால் உண்மை கிடைக்காது. பஞ்சர் கடைக்காரரைக் கேட்கலாம். யாருடைய டயர் எப்படித் தேய்கிறது என்பது அவருக்குத் தெரியும். மெக்கானிக்கைக் கேட்கலாம், யார் வண்டிக்கு அடிக்கடி கிளட்ச் தட்டும் பிரேக் லைனிங்கும் போகின்றன என்று சொல்வார். புக்கிங் ஆபீசில் கேட்கலாம். யாரை நம்பி உடையும் சரக்கை ஏற்றுகிறார்கள் என்று தெரியும்.

எல்லாவற்றையும்விட மேலான சோதனை ஒன்று உண்டு. "இவரிடம் இதற்கு முன் இருந்த கிளீனர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று விசாரிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் டிரைவராகி ஓட்டுகிறார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். எல்லோரும் பாதியில் ஓடிவிட்டார்கள் என்றால், காரணம் இல்லாமல் இராது.

அறுந்து வரும் சங்கிலி

முன்பெல்லாம் ஒரு லாரியில் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று மூன்று பேர் போவார்கள். இப்போது செலவைக் குறைக்க டிரைவர் ஒருவரே தனியாகப் போகும் லாரிகள் பெருகிவிட்டன. அந்த இடது பக்க இருக்கை காலியாக ஓடுகிறது. டிரைவர் கிடைக்கவில்லை என்று உரிமையாளர்கள் புலம்புகிறார்கள். இருக்கையைக் காலியாக விட்டால் டிரைவர் எங்கிருந்து வருவான்?

பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் டிரைவர் பயிற்சி நிலையம் 1995-ல் தொடங்கியது. சாலை விதி, வண்டியின் அமைப்பு, முறையான கியர் பழக்கம் இவற்றை அங்கே ஒழுங்காகக் கற்கலாம். ஆனால், கொட்டும் மழையில் காட் சாலையில் முன்னால் போகும் டிரெய்லர் திணறும்போது எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை, அனுபவஸ்தர் ஒருவருடன் போய்த்தான் கற்க வேண்டும். பள்ளியில் படித்து லைசென்ஸ் வாங்கியவனும், சில டிரிப்புகளாவது மூத்த டிரைவருக்குத் துணையாகப் போவது நல்லது.

சீடனுக்கும் கடமை உண்டு. இடது பக்கம் உட்கார்ந்து தூங்கக் கூடாது. டிரைவரின் கண்ணுக்குத் தெரியாத பக்கம் அதுதான். சைக்கிள்காரரும் பாதசாரியும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பும்போது பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வாங்குகிறது என்பதை அந்த இருக்கையிலிருந்து பார்த்தவன், பிற்பாடு வலது பக்கம் உட்காரும்போது மறக்கமாட்டான்.

தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் மகனை லாரிக்கு அனுப்பும் தாய் தந்தையர், "மாதம் எவ்வளவு தருவார்கள்?" என்று கேட்பது இயற்கை. கூடவே அந்த டிரைவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் காப்பி கொடுத்துப் பேசிப் பார்க்கட்டும். மகனின் உயிரை ஒப்படைக்கப் போவது அவர் கையில்தான்.