சிறைக்குள் ஒரு கிறிஸ்துமஸ்

துன்பத்தின் நடுவிலும் இறைவன் மனிதரோடு இருக்கிறார் என்னும் உறுதியிலிருந்தே கிறிஸ்துமஸ் மகிழ்ச்சி பிறக்கிறது என்பதற்கு, ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ஜெர்மானிய லூத்தரன் போதகரும் இறையியலாளருமான டீட்ரிஷ் போன்ஹோஃபரின் சிறைவாழ்க்கை சான்றாக விளங்குகிறது. 1943 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டு, பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்ட அவர், அவ்வாண்டு கிறிஸ்துமஸின்போது தம் நிலையை எண்ணிச் சோர்ந்துவிடாமல், உடனிருந்த கைதிகளுக்கென மன்றாட்டுகளை எழுதிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருச்சபை திருவருகைக் காலம் என்றழைத்து, மீட்பரின் வருகைக்காகக் காத்திருக்கும் காலமாகக் கடைப்பிடிக்கிறது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கப்படக்கூடிய சிறையறை அக்காத்திருப்பை நன்கு உணர்த்துவதாக அவர் கடிதமொன்றில் குறிப்பிட்டார். சத்திரத்தில் இடமின்றி மாட்டுத்தொழுவத்தில் பிறந்த இயேசுவின் வரலாற்றை, பண்டிகையைப் பெயரளவில் கொண்டாடுவோரைவிடக் கைதி ஆழமாக உணர முடியும் என்பதும் அவர் கருத்து.

1944 டிசம்பரில், ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் சிறையிலிருந்து, இறைவனின் பாதுகாப்பைப் போற்றும் கவிதையொன்றை எழுதித் தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கு அனுப்பினார். அது இன்று ஜெர்மானியத் திருச்சபைகளில் பாடலாக ஒலிக்கிறது. 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

விடுதலைக்கு உத்தரவாதம் இல்லாதபோதும் இறைவனைப் பற்றிக்கொள்வதே கிறிஸ்தவ நம்பிக்கை என்பதால், இழப்போடு கிறிஸ்துமஸைச் சந்திப்போர் மகிழ முடியவில்லையே எனக் குற்றவுணர்வு கொள்ளாமல், அருகில் துன்புறும் ஒருவருக்கு ஆறுதலாக நிற்பதிலிருந்து தொடங்கட்டும்.