ஜேர்மனியில் உள்ள பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு

சொந்தக் காணிக்குத் திரும்பி, கூரை போட்டு, கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கிய பின்னர் பல பெற்றோர் எம்மிடம் கேட்கும் அடுத்த கேள்வி இதுதான்: "ஜேர்மனியில் இருக்கிற மகனை ஒருக்காப் போய்ப் பார்த்துவிட்டு வர ஏலுமா?" முகாமில் இருந்த காலத்தில் இதைக் கேட்க வழியிருக்கவில்லை. அப்போது கடவுச்சீட்டும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை, எழுதிக் கொடுக்க ஒரு நிரந்தர முகவரியும் இல்லை. இப்போது அவை ஒவ்வொன்றாகக் கைக்கு வருகின்றன. சிலர் போய் வந்தும் விட்டார்கள்.

போய் வந்தவர்களில் ஒரு சிலர் மனக்குறையோடு திரும்பியிருக்கிறார்கள். "மகன் மாறிவிட்டான். இரவில் குளிக்காதேங்கோ, சத்தமாகக் கதைக்காதேங்கோ, அந்தக் குப்பையைத் தொடாதேங்கோ என்று ஒரே சொல்" என்று ஒரு தாய் எம்மிடம் சொல்லி அழுதார். 15 ஆண்டுகள் காணாமலிருந்த மகன் அவர். அந்தத் தாய்க்கு நாம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம்: மாறியிருப்பது பிள்ளையின் மனம் அல்ல. அந்த நாட்டின் வீட்டு வழக்கமும் அயல் வழக்கமும் வேறு. அவற்றைக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், கிடைக்கும் நாட்களைக் கோபதாபமில்லாமல் கழிக்கலாம்.

அந்த நாட்கள் அதிகமில்லை. உறவினரைப் பார்ப்பதற்கான விசாவில், எந்த 180 நாட்களை எடுத்தாலும் அவற்றுள் ஆகக் கூடியது 90 நாட்களே தங்கலாம். அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, தெரிந்தவரின் உணவகத்தில் பாத்திரம் கழுவுவதற்குக்கூட. பெரும்பாலும் உங்கள் பிள்ளை அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் செலவு முழுவதையும் தானே பொறுப்பேற்பதாகக் கையொப்பமிட்டுத்தான் உங்களை அழைத்திருப்பார். உங்களுக்காக அரசாங்கம் ஏதாவது செலவு செய்ய நேர்ந்தால் அதை அவரிடமே அறவிடுவார்கள். "தனியே வெளியே போகாதேங்கோ", "காப்புறுதிப் பத்திரத்தை எடுத்தீங்களோ" என்று அவர் நச்சரிப்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இரவும் ஞாயிற்றுக்கிழமையும்

எம்மவர்களில் பலர் அங்கு தொடர்மாடி வாடகை வீடுகளில் வசிக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தோடு பெரும்பாலும் வீட்டு ஒழுங்கு விதிகளும் இருக்கும். பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். பல கட்டடங்களில் பகல் 1 மணி முதல் 3 மணி வரையும் அப்படியே. கோடையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கு இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இருக்கிறதே என்று பல்கணியில் நின்று ஊருக்குத் தொலைபேசி எடுத்து உரக்கக் கதைத்தால், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் அமைதி நாள். ஞாயிறு ஓய்வுக்கு அந்நாட்டின் அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு உண்டு. கடைகள் பூட்டியிருக்கும். பாண் விற்கும் பேக்கரி சில மணி நேரம் திறந்திருக்கும், பெற்றோல் நிலையங்களிலும் பெரிய புகையிரத நிலையங்களிலும் சில பொருட்கள் கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே அரிசி, மரக்கறி எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுவார்கள். அன்று ஆணி அடிப்பது, துளை போடுவது, உரலில் இடிப்பது எதுவும் கூடாது. நாம் ஊரில் ஞாயிறு வந்தால்தான் தட்டுமுட்டு வேலைகளைத் தொடங்குவோம், அங்கு அது தலைகீழ்.

சமையல் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வீடுகளிலும் புகையை உணர்ந்து அலறும் கருவி கூரையில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். செத்தல் மிளகாய் வறுத்தால் அது அலறும், யாராவது தீயணைப்புப் படையை அழைத்தும் விடலாம். மகனுக்குப் பிடித்த யாழ்ப்பாணத்துத் தூளை இங்கேயே வறுத்து இடித்துக்கொண்டு போங்கள். ஆனால் இறைச்சி வகைகளையும் நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் கொண்டு போக வேண்டாம். அவற்றை உள்ளே விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

குப்பையைத் தொட விடாததற்கும் காரணம் உண்டு. கடதாசி ஒரு தொட்டியில், பிளாஸ்ரிக் பொதிகள் இன்னொன்றில், மரக்கறித் தோல் வேறொன்றில், மிச்சம் நாலாவதில் போக வேண்டும். போத்தல்களை எறியவே கூடாது. தண்ணீர்ப் போத்தலும் சோடா ரின்னும் வாங்கும்போது பெரும்பாலும் 25 சதம் முற்பணமாகச் சேர்த்து எடுப்பார்கள். வெறும் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணம் திரும்பி வரும். பேரப்பிள்ளையோடு போய் இந்த வேலையைச் செய்வதைப் பல தாத்தாமார் விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வணக்கமும் மரியாதைச் சொல்லும்

படிக்கட்டில் யாரைக் கண்டாலும் "கூட்டன் டாக்" என்று சொல்லுங்கள். தெற்கில் "குரூஸ் கோட்" என்பார்கள், வடக்கில் "மொயின்" என்பார்கள். வைத்தியரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போதும் இருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்வது வழக்கம். இந்த ஒரு சொல்லைப் பழகிக்கொண்டாலே அயலவர்கள் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். அதற்கு மேல் அவர்கள் சிரிக்காமலோ நின்று கதைக்காமலோ போனால் வெறுப்பு என்று எண்ண வேண்டாம். மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதையே அவர்கள் மரியாதையாக நினைக்கிறார்கள்.

நம்மிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் இருப்பது போல அவர்களிடம் இரண்டு உண்டு. குடும்பத்தவர்க்கும் நண்பர்க்கும் பிள்ளைகளுக்கும் "டூ", மற்ற எல்லோருக்கும் "ஸீ". நம் காதுக்கு "ஸீ" என்பது ஏசுவது போலக் கேட்டாலும் அதுதான் மரியாதைச் சொல். நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இங்கே இருக்கிறது. நாம் வயதைப் பார்த்து இளையவரை "நீ" என்போம். அங்கே எழுபது வயதுக்காரரும் அறிமுகமில்லாத இருபது வயதுக்காரரை "ஸீ" என்றே அழைப்பார். கடைச் சிப்பந்திக்கும் அதே சொல்தான். இனி "டூ" என்று பேசலாம் என்பதைப் பொதுவாக வயதில் மூத்தவரே முன்வந்து சொல்ல வேண்டும்.

பெயரிலும் ஒரு விடயம் உண்டு. அங்கே தொடர்மாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவிலக்கம் கிடையாது. வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், போன பிள்ளைகள் பலர் தகப்பனின் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே தொடர்கிறது. எனவே ஐயாமாரே, முன்பின் அறியாத ஒரு தெருவில் உங்கள் பெயரையே வாசல் மணியில் காணலாம். அந்தப் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் வீட்டைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

சொன்ன சொல், சொன்ன நேரம்

ஜேர்மானியர் வீட்டில் "இன்னும் கொஞ்சம் கேக் வேண்டுமா?" என்று ஒரு தரம் கேட்பார்கள். நம் வழக்கப்படி "வேண்டாம், வேண்டாம்" என்றால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மறுபடி வற்புறுத்தமாட்டார்கள். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது அவர்களுக்கு அவமரியாதை. பசித்தால் "யா" என்று முதல் தரமே சொல்லிவிடுங்கள். அதேபோல அவர்கள் "இல்லை, முடியாது" என்று நேராகச் சொல்லும்போதும் அதில் கோபம் இல்லை. நாம் "பார்ப்பம்" என்று சொல்லி மறுப்பதை அவர்கள் ஒரு சொல்லில் முடிக்கிறார்கள்.

நேரமும் அப்படியே. வைத்தியர், அலுவலகம், முடிவெட்டும் கடை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும். பத்து நிமிடம் பிந்துவதாக இருந்தால் தொலைபேசியில் அறிவிப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போவதில்லை. பின்னேரம் 3 மணிக்கு அழைத்தால் கோப்பியும் கேக்கும் மட்டும்தான் என்று விளங்கிக்கொள்ளுங்கள். இரவில் பல வீடுகளில் பாணும் சீஸும் போன்ற குளிர்ந்த உணவுதான். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முந்திச் சொல்ல வேண்டாம், அது துரதிஷ்டம் என்று நம்புகிறவர்கள் பலர்.

தெருவிலும் இதே போக்குத்தான். வாகனமே வராவிட்டாலும் சிவப்பு விளக்கில் நடந்து கடக்கக் கூடாது. பக்கத்தில் சிறு பிள்ளைகள் நின்றால் யாராவது உங்களை நிச்சயம் கண்டிப்பார்கள். புகையிரத நிலையத்தில் வாயில் தடுப்பு இல்லை, சீட்டுக் கேட்க ஆளும் நிற்பதில்லை. அதை நம்பிச் சீட்டின்றி ஏறினால், சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் 60 யூரோ கட்ட நேரிடும். நடைபாதையோடு சேர்ந்து போகும் சைக்கிள் பாதையில் நிற்க வேண்டாம், மிக வேகமாக வருவார்கள்.

பேரப்பிள்ளைகள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். ஜேர்மனியில் 2000ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளை அடித்து வளர்ப்பது சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. பெற்றோருக்கே அந்த உரிமை இல்லை. நம் ஊரில் ஒரு குட்டு, காதைப் பிடித்து ஒரு திருகு என்பவை யாருடைய கண்ணிலும் படாத விடயங்கள். அங்கே பேரப்பிள்ளை மறுநாள் பாலர் பாடசாலையில் "அம்மம்மா அடித்தார்" என்று சொன்னால் ஆசிரியர்கள் அதைச் சும்மா விடமாட்டார்கள். சிறுவர் நல அலுவலகம் வரை விடயம் போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் மகனும் மருமகளும். ஆகவே எவ்வளவு குழப்படி செய்தாலும் கை ஓங்க வேண்டாம்.

அப்பிள்ளைகள் பெரியவர்களின் கண்ணை நேரே பார்த்துக் கதைப்பார்கள், "ஏன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பாடசாலையில் அவர்களுக்குப் பழக்குவது அதுதான், வாய்காட்டுவதாக எண்ண வேண்டாம். தமிழ் தடுமாறும், முதல் வாரம் உங்களிடம் வரக் கூச்சப்படுவார்கள். திருத்திக்கொண்டே இராமல் கதை சொல்லுங்கள். சிறு பிள்ளைகளை இரவு 7, 8 மணிக்கே படுக்க வைப்பார்கள், எனவே கதைக்கான நேரம் அதற்கு முன்னர்தான்.

அவர்களுக்கும் ஒரு யுத்தம் இருந்தது

ஹிட்லரைப் பற்றிப் பகிடியாகவோ புகழ்ந்தோ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நம் ஊர்ச் சந்திகளில் அப்படிப் பேசுவோர் உண்டு, அங்கே அது மிகக் கேவலமாகக் கருதப்படும். நாசி வணக்கமாகக் கையை நீட்டுவதும் நாசிகளின் சுவஸ்திகைச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். நமக்கு அது மங்கலச் சின்னம் என்பதைத் தெருவில் போகிறவர் அறியமாட்டார். வாசல் கோலத்திலோ உடுப்பிலோ வாகனத்திலோ அதை வெளியே தெரிய வைக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவிலும் அதற்குப் பின்னரும் கிழக்குப் பகுதிகளிலிருந்து சுமார் 1 கோடி 20 இலட்சம் ஜேர்மானியர் தப்பியோடினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் மகனின் மாடிப்படியில் மெதுவாக ஏறும் அந்த முதிய அயலவர், சிறுவயதில் கைவண்டியில் மூட்டையோடு வந்தவராக இருக்கலாம். பெரும்பாலானோர் தாங்களாக இதைப் பேசுவதில்லை. ஆனால் மகனின் மொழிபெயர்ப்போடு உங்கள் கதையைக் கொஞ்சம் சொன்னால், எதிர்பாராத ஒருவரிடமிருந்து அவர் கதையும் வரக்கூடும்.

எமது பிள்ளைகளில் பலர் 1980களில் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்தில் மேற்கு பேர்லினுக்குக் கடந்தவர்கள். இன்று ஹம் நகரில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோவில் நிற்கிறது. கோடையில் அங்கு தேர் ஓடும்போது காவடியும் கற்பூரச் சட்டியும் தெருவில் வரும், ஜேர்மானியரும் வந்து நின்று பார்ப்பார்கள். உங்கள் பயணம் அந்தக் காலத்தில் அமைந்தால் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

புறப்படுமுன்

விசாவுக்கு எடுக்கும் மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆனால் அது திடீர் நோய்க்கும் விபத்துக்குமே உதவும், ஏற்கனவே உள்ள சலரோகம், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் உதவாது. எனவே தங்கும் நாட்கள் முழுவதுக்கும் போதுமான மருந்தை, வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையில் கொண்டு போங்கள். அவசரத்துக்கு அம்புலன்சும் தீயணைப்பும் 112, பொலிஸ் 110.

ஒரு சிறு அட்டையில் பிள்ளையின் தொலைபேசி இலக்கம், தெருப் பெயர், வீட்டு இலக்கம், மணியில் உள்ள பெயர் ஆகிய நான்கையும் ஆங்கில எழுத்தில் எழுதிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருங்கள். எழுதுவதற்கு உதவி தேவையானால் எமது நிலையத்தில் செய்து தருவோம்.